பிடி

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. வேலையை விட்டுவிட்டேன். பெரு நாட்டின் அமேசான் காட்டுக்குள் மீட்கப்பட்ட குரங்குகளைப் பராமரிக்கும் ஒரு சரணாலயத்தில் மூன்று மாதம் தன்னார்வலராக இருக்க விரும்புகிறேன். அங்கே போய்வந்த தோழி ஒருத்தியின் படத்தை இணைத்திருக்கிறேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்த்த அன்றே முடிவெடுத்துவிட்டேன். நீங்களும் அப்படி ஓர் இடத்தில் இருந்ததாக ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. நல்ல மையத்தை எப்படி அடையாளம் காண்பது? விலங்கியல் படிக்காத எனக்கு அன்பு மட்டும் போதுமா? தனிமையைத் தாங்க முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

தனிமையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஓர் அறையில் ஆறு பேர், வலைக்கு வெளியே கொசு, உள்ளே எறும்பு. தனிமை எங்காவது கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். விலங்கியலும் தேவையில்லை. பெரும்பாலும் காய் நறுக்கப்போகிறீர்கள், கூண்டு கழுவப்போகிறீர்கள்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ‘மர்க்கட நியாயம்’ என்ற சொல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வைணவத்தில் சொல்வார்கள்: பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், அது மார்ஜார நியாயம். குரங்குக் குட்டியோ தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். அது மர்க்கட நியாயம். வடகலை தென்கலை வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் இதைச் சொன்னவர் யாரோ, குரங்கை நன்றாகப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பிடிதான் குட்டியைக் காட்டிக்கொடுக்கிறது. மர உச்சியில் வாழும் சிலந்திக் குரங்கின் குட்டியை ஏறிப்போய் யார் பிடிப்பது? தாயைச் சுடுவார்கள். தாய் விழும், குட்டி விடாது. விழுந்ததில் பிழைத்தால், செத்த உடம்பின் ரோமத்திலிருந்து அதை விரல் விரலாகப் பிரித்தெடுப்பார்கள். தாய் இறைச்சிக்கு, குட்டி சந்தைக்கு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் போடும் இனம் அது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

1950களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர், தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். ஒன்று வெறும் கம்பி, அதில் பால்புட்டி. இன்னொன்று துணி சுற்றியது, பால் கிடையாது. குட்டிகள் கம்பியிடம் பாலைக் குடித்துவிட்டுத் துணியிடம் ஓடின, நாளெல்லாம் அதையே பற்றிக்கொண்டு கிடந்தன. (அந்தச் சோதனைகளின் கொடூரத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) உங்கள் தோழியின் கழுத்து அந்தத் துணி. கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கையும் அதே துணியாக இருந்திருக்கிறது.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் இக்கிட்டோஸ் போய் இறங்கினேன். பெருவின் அமேசான் காட்டுக்குள், வெளியிலிருந்து சாலையே இல்லாத நகரம். விமானம் அல்லது படகு. அங்கிருந்து ‘பெக்கே பெக்கே’ என்று அது போடும் சத்தத்தாலேயே பெயர் பெற்ற மோட்டார் படகில் ஒரு பகல் முழுக்கப் போனால் மையம். நான் போன மூன்றாம் வாரம் ஒரு பெண் குட்டி வந்தது. வீடொன்றில் இடுப்பில் கயிறு கட்டி வளர்த்திருக்கிறார்கள். குட்டி வளர்ந்தது, கயிறு வளரவில்லை. கயிறு சதைக்குள் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் சிலந்திக் குரங்குக்கு மாக்கிசாப்பா என்று பெயர். கெச்சுவா மொழியில் மாக்கி என்றால் கை. நாங்கள் அவளை மாக்கி என்றே கூப்பிட்டோம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கையில் கட்டைவிரல் கிடையாது. அதனால்தான் அறிவியல் பெயர்கூட அட்டெலெஸ், கிரேக்கத்தில் ‘முழுமையற்றது’. நாலு விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவ அதுதான் வசதி. ஒன்றும் குறையவில்லை, பெயர் வைத்தவருக்குத்தான் அது குறையாகப் பட்டிருக்கிறது.

அங்கே விதி எளிது. தொடாதே. கொஞ்சாதே. முகக்கவசத்தைக் கழற்றாதே. அவளோ இரவெல்லாம் தன் உடம்பைத் தானே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பாள். ஒரு மாலை யாரும் இல்லாதபோது கவசத்தை இறக்கிவிட்டுக் கம்பி வழியே ஒரு விரலை நீட்டினேன். நாலு விரலும் வந்து மாட்டிக்கொண்டன. அந்தச் சூடு இப்போதும் நினைவிருக்கிறது. பத்து நாள் அப்படிப் போய் உட்கார்ந்தேன். என்னைவிட அவளை நேசிப்பவர் அந்தக் காட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

தனிமைப்படுத்தும் காலம் முடிந்து, மற்ற சிலந்திக் குரங்குகள் இருந்த பெரிய கூண்டுக்குப் பக்கத்தில் அவளை மாற்றினார்கள். ஒரு மூத்த பெண் குரங்கு வலையோரம் வந்து உட்கார்ந்து கையை நீட்டியது. அந்தக் கைக்காகத்தான் எல்லோரும் அத்தனை வாரம் காத்திருந்தோம். மாக்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாளியோடு வரும் பாதையைப் பார்த்து எதிர்மூலையில் நின்று கத்தினாள். இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை. மருத்துவர் எங்களை வரிசையாக நிறுத்தி “யார்?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவுதான் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, “உன் உதட்டோரத்தில் போன வாரம் என்ன புண்?” என்று மட்டும் கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. நமக்கு நாலு நாள் எரிந்துவிட்டுப் போகும் உதட்டுக் கொப்புளம், அதன் வைரஸ் தொற்றினால் மார்மோசெட் என்ற சின்னஞ்சிறு குரங்கையும் இரவுக் குரங்கையும் கொன்றுவிடும். இரண்டும் அதே மையத்தில், அடுத்த வரிசையில் இருந்தன. நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. மிச்ச நாட்களில் நான் சமையற்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. பப்பாளி, மரவள்ளி, இலைக் கட்டு. மாக்கி அந்த மூத்த குரங்கின் முதுகுப் பக்கம் சாய்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டாள் என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கிளம்பும் நாளன்று தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. அதற்காக அழுதேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதனால்தான் அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம். ‘மீட்கப்பட்ட குட்டி’ என்று படத்தின் கீழே எழுதியிருக்கலாம். யார் படிக்கிறார்கள்? பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு மனிதக் கழுத்தும் அதில் ஒரு குட்டியும் மட்டும்தான். தனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றும். உங்களுக்கே அதுதானே தோன்றியது? நீங்கள் சரணாலயத்துக்கு எழுதினீர்கள். இன்னொருவர் சந்தைக்குப் போவார். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் குரங்கின வல்லுநர் குழு 2021இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. மனிதரும் குரங்கும் ஒரே படத்தில் வந்தால் இடையில் குறைந்தது 7 மீட்டர் இருக்க வேண்டும், மனிதர் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். பராமரிப்பவருக்கும் அதுதான். 7 மீட்டரில் எடுத்த படத்தை யாரும் முகப்பில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது வைத்துக்கொள்வதற்கான படமும் இல்லை.

சரி, நீங்கள் கேட்டது. முதல் வாரமே குட்டியைக் கையில் கொடுக்கும் மையம் என்றால் போகாதீர்கள். தடுப்பூசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்காத மையம் என்றாலும் போகாதீர்கள். வெறிநாய்க்கடிக்கும் மஞ்சள் காய்ச்சலுக்கும் முன்பே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லித் தோழிக்கு எழுதுங்கள். இந்தக் கடிதத்தை அனுப்பினாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்புறம், ரப்பர் பூட்ஸை இரவில் கவிழ்த்து வையுங்கள். காலை நுழைக்கும் முன் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.