கால் வலி, கறுத்த விரல், அடைப்பு கரைக்கும் டிரிப்: வாசகர் கேள்விகளுக்கு ரத்தக்குழாய் அறுவை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி காலைப் பற்றியவை. நெஞ்சில் அடைப்பு என்றால் அன்றைக்கே வண்டி பிடித்து வேலூருக்கு ஓடி வருகிறவர்கள், காலில் அடைப்பு என்றால் தைலம் தேய்த்தே ஆறு மாதம் ஓட்டிவிடுகிறார்கள். "புதுசா ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாமே" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எந்த ஆராய்ச்சி, யாரிடம் செய்தது, எதோடு ஒப்பிட்டது என்பதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

என் கணவருக்கு 36 வயது. சர்க்கரை இல்லை, கொழுப்பும் நார்மல். ஆனால் கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் விரலை எடுக்க வேண்டாம் என்கிறார்கள். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். அவர் தினமும் ஒரு கட்டு பிடிப்பார். (குடியாத்தம்)

அம்மா, உங்கள் கடைசி வரியில்தான் நோயே இருக்கிறது. இந்த வயதில், சர்க்கரையும் கொழுப்பும் இல்லாமல், பீடி பிடிக்கிற ஆணுக்கு விரல் கறுத்தால் முதலில் சந்தேகப்படுவது பர்கர் நோயைத்தான். 1879இல் வினிவார்ட்டர் என்பவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர், வெட்டி எடுத்த கால்களின் ரத்தக்குழாய்களைப் பரிசோதித்து விரிவாக விவரித்தார். வழக்கமான அடைப்பில் தமனிச் சுவரில் கொழுப்பு படியும். இதில் அப்படி இல்லை. கை கால்களின் சிறிய, நடுத்தரக் குழாய்களில் அழற்சி உண்டாகி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் அவருடைய கொழுப்புப் பரிசோதனை நார்மலாக வந்திருக்கிறது.

புகையிலை இல்லாமல் இந்த நோய் வருவதில்லை என்றே சொல்லலாம். சரி, பீடி பிடிக்கிற எல்லோருக்கும் வருவதில்லையே? அதைத்தான் இன்னும் தேடுகிறார்கள். எதிர்ப்பு சக்தி சொந்தக் குழாயையே தாக்குகிறதா, பரம்பரையில் ஏதாவது இருக்கிறதா என்று பல பக்கம் பார்க்கிறார்கள். ஜப்பானில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அடைபட்ட தமனிகளுக்குள் வாயில் வாழும் கிருமிகளின் டி.என்.ஏ. இருந்தது. கிருமி அங்கே இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. நோயை உண்டாக்கியது அதுதான் என்பதற்கு இல்லை. ஆனாலும் அவரை ஒரு பல் டாக்டரிடம் காட்டுங்கள், நஷ்டம் ஒன்றும் வராது.

ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு வேறு திசுவாக வளரக்கூடிய செல்லுக்கு, வருவோம். 2002இல் ஜப்பானில் எலும்பு மஜ்ஜை செல்களைக் காலில் செலுத்திப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது, உலகமே எதிர்பார்த்தது. 2015இல் நெதர்லாந்தில் ஒரு பிரிவினருக்கு உண்மையான செல், இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத ஊசி என்று கொடுத்து ஒப்பிட்டார்கள். காலை இழந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் கொழுப்பு அடைப்புக்காரர்கள். பர்கர் நோய்க்கென்றே ஒரு செல் மருந்துக்கு இந்தியாவில் 2016இல் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆகவே, உங்களுக்குச் சொன்னவரிடம் "இது அனுமதி வாங்கிய மருந்தா, நீங்களே தயாரிப்பதா" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த ஊசி போட்டாலும் பீடி நின்றாக வேண்டும், அடியோடு. நாளைக்கு ஒன்றிரண்டு மட்டும் என்பதும் கூடாது. வாயில் அடக்கும் புகையிலை, மூக்குப்பொடி எதுவும் கூடாது. வீட்டில் முறத்தில் சுற்றி வைத்த பீடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சோறு போடுகிற வேலையை விடச் சொல்ல மாட்டேன். சுற்றியதை அன்றன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுங்கள், தூளையும் இலையையும் அவர் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். விரல் காய்ந்து கறுத்திருந்தால் வெட்ட அவசரம் இல்லை. ஈரமாக, நாற்றத்தோடு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

65 வயது. கோட்டை மைதானத்தில் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைச்சதை பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், மகன் உட்காரச் சொல்கிறான். (சத்துவாச்சாரி)

டாக்டர் பக்கம்தான் நான். நடந்தால் வலி, நின்றால் நிவாரணம், மறுபடி அதே தூரத்தில் வலி என்பது கால் தமனி சுருங்கியதன் அடையாளம். ஆனால் முதலில் அதை அளந்து பாருங்கள். பத்து நிமிடம் படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் பி.பி. பட்டையைக் கட்டி, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை ஜெல் தடவி வைப்பார்கள், "உஷ்... உஷ்..." என்று ரத்த ஓட்டம் கேட்கும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 98ஐ 140ஆல் வகுக்க 0.7. 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு. நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறி விறைத்துப்போகும், பட்டையால் அமுக்க முடியாது. எண் 1.4க்கு மேல் போய், எல்லாம் நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

நடைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வில், இடுப்புப் பகுதித் தமனி அடைப்புக்காரர்களில் சிலருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், சிலருக்கு மேற்பார்வையோடு நடைப்பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து ட்ரெட்மில்லில் அதிக நேரம் நடந்தது பயிற்சிக்காரர்கள்தான். வலி நன்றாக வரும்வரை நடங்கள், நின்று போகவிடுங்கள், மறுபடி நடங்கள். இப்படி முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம். வேலூர் வெயிலில் வேண்டாம், விடிகாலையில் போங்கள். படுத்திருக்கும்போதே கால் வலித்தால் இந்தக் கணக்கு செல்லாது, உடனே காட்டுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது இதயத்துக்கும் சேர்த்துத்தான்.

டிரிப் ஏற்றி அடைப்பைக் கரைப்பதாக விளம்பரம் பார்த்தேன். நாற்பது பாட்டிலாம். நம்பலாமா? (ராணிப்பேட்டை)

வேண்டாம். சுண்ணாம்பை இழுத்து வெளியேற்றும் 'கீலேஷன்' என்ற முறை அது. 2013 ஆய்வில் சர்க்கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. அதைச் சரிபார்க்கவே, மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் இரண்டாவது ஆய்வு செய்தார்கள். பலன் இல்லை என்று 2024இல் முடிவு வந்துவிட்டது. விளம்பரக்காரர்கள் மட்டும் இன்னும் 2013லேயே நிற்கிறார்கள்.

கண்வலிக்கிழங்கு விதையில் இதய அடைப்புக்கு மருந்து இருக்கிறதாமே? எங்கள் வேலியிலேயே செடி இருக்கிறது. (ஆரணி)

செடியைப் பூவுக்காக வைத்திருங்கள், வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. தின்றால் சாவு வரை போகும் விஷம் அது. கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்ச்சிசின், வாத ரத்தம் எனும் கௌட் நோய்க்குப் பழைய மருந்து. திண்டுக்கல், கரூர் பக்கம் விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மையும் இருக்கிறது. தமனி அடைப்பு வெறும் கொழுப்புப் படிவு அல்ல, சுவரில் நடக்கும் அழற்சியும்கூட என்று வெகுநாளாகச் சந்தேகம் இருந்தது. 2017இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு குறைந்தது, ஆனால் உயிர் பறிக்கும் தொற்றுகள் கூடின, விலையும் யானை விலை. அப்புறம்தான் மலிவான கோல்ச்சிசின் பக்கம் பார்வை திரும்பியது. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 0.5 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை என்று கொடுத்து ஒப்பிட்டதில், மாரடைப்பு போன்ற பாதிப்புகள் 9.6 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. இது 2020 கணக்கு. 2023இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் 2024இல், மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. என் கணிப்பில், சிலருக்கு உதவும் மருந்து இது; யாருக்கு என்பதைப் பிரித்துச் சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 0.5 மில்லிகிராமே ஆபத்தாகலாம். வேலிச் செடியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யார் அளப்பது?

மகளுக்கு 22 வயது. இடது கையில் நாடியே கிடைக்கவில்லை என்கிறார் டாக்டர். துணி பிழிந்தால் கை சோர்ந்துபோகிறது. (காட்பாடி)

தகயாசு நோயா என்று பார்க்க வேண்டும். பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் வரும் அழற்சி இது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும், நம் நாட்டில் அவ்வளவு அரிதும் அல்ல. ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு 1908இல் விழித்திரையில் கண்ட மாற்றத்திலிருந்து இந்தப் பெயர் வந்தது. எச்.எல்.ஏ.-பி52 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பல காலமாகத் தேடுகிறார்கள், உறுதியாகவில்லை. நோய் சூடாக இருக்கிறதா, தணிந்துவிட்டதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க இந்திய வாதநோய் மருத்துவர்களே ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது ஸ்டென்டோ பைபாஸோ செய்தால் மறுபடி அடைக்கும். முதலில் ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்துத் தணிக்க வேண்டும். பி.பி.யை நாடி இல்லாத கையில் பார்த்துவிட்டு நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். நாலு கை கால்களிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, குதிகால் புண் ஆறவில்லை. ஒரு டாக்டர் பைபாஸ் என்கிறார், இன்னொருவர் பலூன் என்கிறார். (கே.வி.குப்பம்)

பைபாஸ் என்றால் சிரையை வைத்து அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை போடுவது; பலூன் என்றால் அடைபட்ட குழாயை உள்ளிருந்தே விரிப்பது. இரண்டு பேருமே ஆராய்ச்சியைக் காட்ட முடியும், அதுதான் வேடிக்கை. 2022இல் வெளியான, பெரும்பாலும் அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வில், தொடையின் நல்ல சிரை கிடைத்தவர்களுக்கு பைபாஸ் ஜெயித்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்கு முதலில் பலூன் செய்ததே மேல் என்று வந்தது. நோயாளிகளும் வேறு, அடைப்பு இருந்த இடமும் வேறு. அப்பாவுடைய தொடைச் சிரையை ஸ்கேனில் அளந்தார்களா, இதயம் ஆபரேஷனைத் தாங்குமா என்ற இரண்டையும் கேளுங்கள்.

எது செய்தாலும் குதிகாலில் எடை விழுந்துகொண்டே இருந்தால் புண் ஆறாது. இதை உலகுக்கு அழுத்திச் சொன்ன ஊர்களில் நம் ஊரும் ஒன்று. உணர்ச்சி போன காலில் புண் வருவதற்கு அழுத்தமும் அடியும்தான் காரணம் என்று வேலூரில் தொழுநோயாளிகளிடம் வேலை செய்த பால் பிராண்ட் காட்டினார்; மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணை ஆற வைத்தார். மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு பிறகு சர்க்கரைக்காரர்களுக்கும் வந்தது. ஆனால் ரத்த ஓட்டம் குறைந்த காலில் மாவுக்கட்டு ஆபத்து. ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. காலில் நரம்பு சுருண்டு, கணுக்கால் மேல் புண். லேசர் இப்போதே செய்யலாமா, புண் ஆறியபின் செய்யலாமா? (ஆம்பூர்)

இப்போதே செய்யலாம். 2018 பிரிட்டன் ஆய்வில், சுருண்ட சிரையை (நீங்கள் நரம்பு என்பது அதைத்தான்) லேசர் போன்ற முறையில் உடனே அடைத்தவர்களுக்குப் பாதிப் பேரின் புண் 56 நாளில் ஆறியது; தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். இரு பிரிவினருக்குமே இறுக்கக் கட்டும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே இறுக்கமான சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இறுக்கிக் கட்டுவதற்கு முன், மேலே சத்துவாச்சாரிக்காரருக்குச் சொன்ன அந்தக் கணுக்கால் ரத்த அழுத்த அளவை ஒருமுறை எடுத்துவிடுங்கள். தமனியிலும் அடைப்பு இருந்தால் இறுக்கமான கட்டு காலையே பறித்துவிடும்.