யானை நடக்கும் தண்ணீர்

கேள்வி: அறிவெல்லாம் அனுபவத்திலிருந்துதான் வருகிறது என்னும் அனுபவவாதத்தை ஏற்றுக்கொண்டால், கடவுளைப் பற்றிய அறிவு என்று ஒன்று இருக்க முடியுமா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: அனுபவம், சரி. யாருடைய அனுபவம்?

ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் 1690-இல் வெளியிட்ட நூலில் ஒரு கதை வருகிறது. சயாம் (இன்றைய தாய்லாந்து) ராஜாவிடம் டச்சுத் தூதர் ஒருவர் தன் ஊர் விசேஷங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜாவும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தண்ணீர் இறுகிவிடும், மனிதர்கள் அதன்மேல் நடப்பார்கள், யானை வந்தாலும் தாங்கும்’ என்றதும் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. இதுவரை நீர் சொன்னதையெல்லாம் நேர்மையான ஆள் என்று நம்பினேன், இப்போது நீர் பொய் சொல்கிறீர் என்பது உறுதி என்றாராம். யானையையும் தண்ணீரையும் அவரைவிட அதிகம் பார்த்தவர் அந்தச் சபையில் யார் இருந்திருப்பார்கள்?

உறைபனியை நம்ப மறுத்த ஓர் இந்திய இளவரசனைப் பற்றி ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹ்யூமும் எழுதினார். அவன் மறுத்தது நியாயம்தான், அவனை நம்பவைக்கப் பலமான சாட்சியம் வேண்டும் என்றார். என் கட்சியும் அதுதான். ஆனால் ‘நம்பமாட்டேன்’ என்பது வேறு, ‘பொய் சொல்கிறாய்’ என்பது வேறு. சயாம் ராஜா முதலாவதோடு நின்றிருக்க வேண்டும்.

தூதருக்கு ஒரு வசதி உண்டு. சந்தேகப்படுகிறவர் கப்பலேறிப் போய் உறைந்த கால்வாயைப் பார்த்துவிடலாம். கடவுள் விஷயத்தில் அந்தக் கப்பல் எது? அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் காட்சியை, அதாவது நேரடியாகக் கண்டறிவதை, நான்காகப் பிரித்து, பொறிகளால் காண்பதோடு யோகத்தால் காணும் யோகக் காட்சியையும் சேர்க்கிறார். அவர் கணக்கில் கப்பல் உண்டு. அதை ஏற்க என்னால் முடியவில்லை, ஆனாலும் அவரை மதிக்கிறேன். ஐயமும் திரிபும் நீங்கினால்தான் காட்சி என்று முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டுப் பேசியவர் அவர். ‘அனுபவித்துப் பார், தெரியும்’ என்று சொல்லிக் கேட்டவர் வாயை அடைக்கும் மேடைப் பேச்சாளர்களோடுதான் எனக்கு இருபது வருஷமாகச் சண்டை. அந்த நிபந்தனையை அவர்கள் வாயில் ஒருநாளும் கேட்டதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்டேன் என்கிறவருக்கு அது அறிவாக இருக்கலாம். என் கைக்கு வரும்போது அது சாட்சியம்தான், விசாரித்தே ஆகவேண்டும்.

1776-இல் ஹ்யூம் சாகக் கிடந்தபோது எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் போய்ப் பார்த்தார். மறுமை என்று ஒன்று இருக்கக் கூடாதா என்று கேட்டார். நெருப்பில் போட்ட கரி எரியாமல் போவதும் சாத்தியம்தானே என்றார் ஹ்யூம். நாம் என்றென்றும் இருப்போம் என்பது அறிவுக்குப் பொருந்தாத கற்பனை என்றும் சேர்த்துச் சொன்னார்.