பிள்ளை பட்டமும் பூர்விகத் தேடலும்: கேள்வி பதில்

பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' போட்டுக்கொள்ளும் குடும்பங்களின் பூர்விகம் பற்றியும், அவர்கள் செய்துகொண்ட மரபணுப் பரிசோதனை முடிவுகள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு நெடுநாளாக உதவி வருகிறேன். நான் மருத்துவன் அல்ல. நோய் பற்றிய பதிலைப் படிக்கும்போது அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: ஐயா, பிள்ளை என்றாலே சைவ வேளாளர்தானே? மற்றவர்கள் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டதுதானே?

அப்படிச் சொல்ல வரலாற்றில் இடமில்லை ஐயா. 13ஆம் நூற்றாண்டில் வைணவ உரையாசிரியர் பெரியவாச்சான் பிள்ளை இருந்தார். பிள்ளை லோகாசாரியரும் வடக்குத் திருவீதிப் பிள்ளையும் அந்த மரபுதான். இவர்கள் அந்தணர்கள். அன்றைக்கு அது மதிப்புக்குரியவரை அழைக்கும் சொல். அரச குமாரர்களையும் கல்வெட்டுகளில் 'பிள்ளையார்' என்று குறித்திருக்கிறார்கள்.

பிறகு கணக்கெழுதுவோர், கோயில் நிர்வாகம் பார்ப்போர், அரண்மனை அலுவலர் ஆகியோரோடு இந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. இந்த வேலைகளில் வேளாளர் பெருந்தொகையாக இருந்ததால் அவர்களிடம் அது குடும்பப் பட்டமாக நிலைத்தது. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை அந்த வழி. ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இசை வேளாளர்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தகழி சிவசங்கரப் பிள்ளை நாயர். இவர்களில் யாரும் இன்னொருவருடைய பட்டத்தைத் திருடியவர் அல்லர். அவரவர் குடும்பம் அவரவர் வழியில் பெற்றது.

அதனால் 'பிள்ளை மரபணு' என்று ஒன்று இல்லை, இருக்கவும் வழியில்லை. மற்ற பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

டர்பன் வாசகி: எங்கள் குடும்பப் பெயர் பில்லே. கொள்ளுத்தாத்தா சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர். ஊர் தெரியாது. பரிசோதனை செய்தால் ஊர் தெரியுமா அங்கிள்?

தெரியாது அம்மா. ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்ததில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு 1880இல் தங்கள் மூதாதை எந்த ஊர் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

முதலில் காலனி எண்ணைத் தேடுங்கள். பழைய திருமணப் பதிவு, மரணப் பதிவு, நிலப் பத்திரம் இவற்றில் அது இருக்கும். பட்டியலில் ஊர்ப் பெயரை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் தாலுகாவை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு அந்தத் தாலுகாவின் கிராமங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பல் பட்டியலில் தாத்தா பெயரோடு பிள்ளை இல்லாமலும் இருக்கலாம். நேட்டால் போன பிறகு புதுப் பட்டம் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கரும்புத் தோட்டத்தில் அடிபட்டு உழைத்தவர்கள், பிள்ளைகளுக்கு மதிப்பான ஒரு பெயரை விட்டுப்போக நினைத்தார்கள். அதைப் பொய் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

பெங்களூரு வாசகர்: என் ஒய் குரோமோசோம் முடிவு ஆர்1ஏ என்று வந்திருக்கிறது. அப்படியானால் எங்கள் குடும்பம் வடக்கிலிருந்து வந்ததா?

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் காட்டுவது அவற்றில் ஒரே ஒரு இடத்தை. மீதி 1,023 பேரைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது.

ஆர்1ஏ என்பது ஒய் குரோமோசோம் கிளைகளில் ஒன்றின் பெயர். அது தென்னாட்டில் பல சமூகங்களிலும் ஓரளவு காணப்படுகிறது. நல்லமலைக் காட்டில் வாழும் செஞ்சு பழங்குடியினரிடமும் 2003இல் வெளிவந்த ஆய்வு அதைக் கண்டது. தமிழ்நாட்டு ஆண்களிடம் எச், எல், ஆர்2, ஜே2, சி, எஃப் என்று பல கிளைகள் கலந்தே இருக்கின்றன. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைமார் வீடுகளில் ஒன்று எச் ஆகவும் மற்றது எல் ஆகவும் இருக்கலாம். இந்தக் கிளைகள் பிரிந்தது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. பட்டமோ சில நூறு ஆண்டுப் பழக்கம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்களிப்போடு 2012இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. தமிழ்நாட்டின் 31 பழங்குடி, பழங்குடியல்லாத சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். சமூகங்களுக்கிடையே உள்ள வேறுபாடு வேளாண்மை பரவிய காலத்தோடு பொருந்துகிறது, சாதி அமைப்புக்கும் முந்தியது என்பது அவர்கள் முடிவு. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வை நான் படித்ததில்லை.

கோவை வாசகி: என் அறிக்கையில் 'தென்னிந்தியா' என்று மட்டும் வந்தது. பணம் வீணா?

அந்தச் சதவீதம் உங்களை அந்த நிறுவனத்தின் ஒப்பீட்டுத் தொகுப்போடு வைத்துப் பார்த்த கணக்கு. அவர்களிடம் தமிழ் மாதிரிகள் குறைவாக இருந்தால் நுணுக்கமாகப் பிரிக்க முடியாது.

பழங்காலம் பற்றித் தெரிந்துகொள்ள ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும். இந்தியர்களில் பெரும்பாலோர் பழங்காலக் கலப்பில் வந்தவர்கள் என்று 2009இல் காட்டினார்கள். அந்தக் கலப்பு இன்றைக்கு 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று 2013இல் கணக்கிட்டார்கள். 2019இல் பண்டைய எலும்புகளின் டிஎன்ஏ வந்த பிறகு படம் இன்னும் தெளிவானது: இந்த மண்ணில் மிகப் பழங்காலம் முதல் வாழ்ந்த வேட்டைச் சமூகத்தார், ஈரானியப் பகுதியோடு தொடர்புடைய ஒரு பழைய வழியினர், பின்னால் மத்திய ஆசியா வழியாக வந்த ஸ்டெப்பிப் புல்வெளிக் கால்நடைக்காரர். இந்த மூன்றும் வெவ்வேறு அளவில் நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கின்றன. ஹரியானாவின் ராக்கிகடியில் கிடைத்த சிந்துவெளிப் பெண்ணிடம் முதல் இரண்டு மட்டுமே இருந்தன. அளவுதான் சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. 'எங்களிடம் கலப்பே இல்லை' என்று சொல்லக்கூடிய சாதி தமிழ்நாட்டில் கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் தாத்தா மருமக்கள் வழி. ஒய் பரிசோதனை எங்களுக்குப் பயன்படுமா?

மிக நல்ல கேள்வி. நாஞ்சில் நாட்டு வேளாளரில் மக்கள் வழியும் உண்டு, மருமக்கள் வழியும் உண்டு. மருமக்கள் வழியில் சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு மட்டும் கிடைக்கும். இதனால் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் பாடி வைத்திருக்கிறார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தது.

உங்கள் தரவாட்டு (தாய்வழிக் கூட்டுக்குடும்ப) வரலாறு தாய் வழியில் ஓடுகிறது. ஆகவே உங்களுக்குப் பொருந்துவது மைட்டோகாண்ட்ரியா பரிசோதனை. அது தாயிடமிருந்து வருவது. தாய்மாமனுக்கும் உங்களுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றாக இருக்கும், ஒய் வேறாக இருக்கும். பழைய பத்திரங்களில் 'காரணவர்' (குடும்பத் தலைவரான தாய்மாமன்) என்று கையெழுத்திட்டவரைத் தகப்பன் என்று எண்ணி வம்சாவளி வரைந்துவிடாதீர்கள்.

கேரள நாயர் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே அண்ணன் பெயரில் பிள்ளை இருக்கும், தங்கை பெயரில் அம்மா இருக்கும். திருவிதாங்கூர் மன்னர்கள் நாயர், வேளாளர் இரு தரப்புக்கும் பட்டம் வழங்கியதால், ஒரே பட்டம் இருக்கிறது என்பதற்காக ஆலப்புழைப் பிள்ளையையும் பாளையங்கோட்டைப் பிள்ளையையும் உறவு சொல்ல முடியாது.

டொராண்டோ வாசகர்: அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணம். அப்பாவின் பெயர் கணபதிப்பிள்ளை. இங்கே அது குடும்பப் பெயராகிவிட்டது. இந்தியப் பிள்ளைகளோடு தொடர்பு உண்டா?

பெயரை வைத்து இல்லை தம்பி. உங்களிடம் 'பிள்ளை' இட்ட பெயரின் ஒரு பகுதி. தாமோதரம்பிள்ளை, கணபதிப்பிள்ளை என்று சேர்த்தே எழுதுவீர்கள். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். கனடாவில் படிவம் நிரப்பும்போதுதான் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனது.

மலையகத்தில் 'கணக்கப்பிள்ளை' என்பது தோட்டத்து உத்தியோகம். அதையும் பட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதுரை வாசகர்: தளத்தில் நூற்றுக்கணக்கில் 'நான்காம் வழி உறவு' காட்டுகிறது. ஒருவரையும் தெரியவில்லை.

அகமணம், அதாவது சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் காரணம். அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் இரண்டு பேருக்குள் ஒரே ஒரு வழி உறவு மட்டும் இருக்காது. நாலைந்து வழிகள் இருக்கும். சின்னச் சின்னத் துண்டுகளாகப் பொருந்துவதைக் கணினி கூட்டிப் பார்த்து நெருங்கிய உறவு என்று சொல்லிவிடுகிறது. மூன்றாம் வழிச் சகோதரர்கள் சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே பகிர்வார்கள். மொத்தத் தொகையை விட்டுவிட்டு, மிக நீண்ட ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். அது 30 சென்டிமார்கனுக்கு (டிஎன்ஏ துண்டின் நீளத்தைச் சொல்லும் அலகு) மேல் இருந்தால்தான் நான் கடிதம் எழுதத் தொடங்குவேன்.

அதற்குமுன் உங்கள் சாஸ்தா கோயில் எது என்று பெரியவர்களைக் கேளுங்கள். தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குலதெய்வ சாஸ்தாவைக் கும்பிட ஒன்றுகூடும் பங்காளிகள்தாம் உங்கள் தகப்பன் வழி. எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் அந்த ஒருநாள் பூர்விக ஊருக்குத் திரும்புகிறார்கள். அங்கே கோயில் வரி எழுதும் வரிப்புத்தகம் வைத்திருப்பவரிடம் உட்கார்ந்து பேசினால் மூன்று நான்கு தலைமுறை கிடைக்கும். பரிசோதனைக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இந்தப் பயணத்துக்கு வையுங்கள் என்பேன்.

சென்னை வாசகி: 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். நீங்கள் மறுபடி அதைத் தோண்டுவது சரியா?

பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்தது நல்ல காரியம். என் பெயரிலும் இல்லை. ஆனால் பழைய பத்திரத்தில் அது இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் தேட முடியாது. பட்டத்தின் வரலாற்றை நேர்மையாகப் பார்த்தால், அந்தணர், வேளாளர், யாதவர், இசை வேளாளர், நாயர், கிறிஸ்தவர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். பெருமை பேச வருகிறவர்களுக்கு இந்த வரலாறு துணைபோவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடி வாசகர்: சொந்தத்திலேயே கட்டுவதால் நோய் வரும் என்கிறார்கள். பிள்ளைமாருக்கென்று தனி நோய் உண்டா?

பட்டத்துக்கென்று நோய் கிடையாது. சிறு வட்டத்துக்குள் மணம் முடிப்பதில்தான் சிக்கல். ஸ்ரீவைகுண்டம் கோட்டைப் பிள்ளைமாரை எடுத்துக்கொள்ளுங்கள்: மண்கோட்டைக்குள், மிகச் சில குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இப்படிச் சிறுத்த எந்தச் சமூகத்திலும், அரிய மரபணுக் குறை ஒன்று மூதாதை ஒருவரிடம் இருந்திருந்தால் அது பெருகும். 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்த ஆய்வில், 81 குழுக்களில் இந்த நிலை பின்லாந்துக்காரர்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் தீவிரமாக இருந்தது. ஆரிய வைசியரிடம் ஒரு நொதிக்குறை மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். அறுவைக்குமுன் கொடுக்கும் சில தசைத்தளர்வு மருந்துகள் அவர்களுக்கு ஆபத்து என்பது மயக்க மருத்துவர்களுக்குத் தெரியும். சமூகப் பெயர் உண்மையிலேயே உதவுகிற இடம் இது.

முறைப்பெண்ணைக் கட்டினால், பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமன் - அக்காள் மகள் என்றால் எட்டில் ஒன்று. இது நோய் வரும் வாய்ப்பு அல்ல. ஆனால் குடும்பத்தில் காதுகேளாமை, இளவயது மரணம், ரத்த நோய் ஏதாவது இருந்தால் நிச்சயத்துக்குமுன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

எல்லாச் சாதிக்கும் பொதுவான ஒன்றும் உண்டு. எம்ஒய்பிபிசி3 என்னும் இதயத் தசை மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று 2009இல் வெளியிட்டார்கள். அது உள்ளவர்களுக்கு நடுவயதுக்கு மேல் இதயத் தசை பலவீனப்படும் வாய்ப்பு கூடுதல். உங்கள் வீட்டில் யாராவது இதய வீக்கம் என்று சொல்லி இறந்திருந்தால், வம்சாவளிப் படத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் வயதோடு அதைக் குறித்துவையுங்கள். இருக்கிறவர்கள் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ளட்டும்.