கம்ப்யூட்டர்ல பேன் சுத்துது, ஸ்க்ரீன்ல ஒண்டும் வரேல்ல, மதர்போர்ட் பழுதோ?

மதர்போர்டை உடன கொழும்புக்கு திருப்பி அனுப்பாதேங்கோ, அது செத்திட்டுதெண்டு இன்னும் சொல்லேலாது. செகண்ட்ஹான்ட் பி450 போர்ட் எண்டுறீங்கள், அது 2018ல வந்த சிப்செட், நீங்கள் போட்ட ரைசன் 5 5600 ப்ராசசர் வந்ததே 2022ல, போர்ட்ல பழைய பயோஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கிற மென்பொருள்) கிடந்தா இப்பிடித்தான் பேன் மட்டும் சுத்தும்.

ஆனா முதல்ல எச்டிஎம்ஐ வயர் எங்க குத்தியிருக்கெண்டு பாருங்கோ. 5600க்குள்ள கிராபிக்ஸ் இல்ல, 5600ஜி எண்டாத்தான் இருக்கு, அதால மதர்போர்ட்ல குத்தினா விடியவிடிய பாத்தாலும் கறுப்புத்தான், கிராபிக்ஸ் கார்ட்ல குத்துங்கோ.

அதுக்கும் வரேல்லயெண்டா ப்ராசசருக்கு மேல இருக்கிற 8 பின் பவர் வயர் இறுக்கமா இருக்கோ பாருங்கோ. ரேம் ஒண்டை மட்டும் வச்சு, மற்றதைக் கழட்டிப்போட்டு ஓன் பண்ணிப் பாருங்கோ. வீடு நிலாவெளி கடற்கரைப் பக்கமெண்டபடியா உப்புக்காத்துக்கு ரேம் கால் மங்கியிருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளையளின்ட அழிறப்பரால மெதுவா தேய்ச்சு துடைச்சாக் காணும்.

பிறகும் இல்லையெண்டா பயோஸ்தான். பின்பக்கம் பயோஸ் ப்ளாஷ் பட்டன் இருந்தா ப்ராசசர் இல்லாமலே பென்ட்ரைவால புது பயோஸை ஏத்தலாம், இல்லாட்டி பழைய ரைசன் ப்ராசசர் வச்சிருக்கிற கடையில குடுத்து ஏத்துங்கோ. சரியா உங்கட மாடலுக்குரிய பைல்தான் வேணும், யூபிஎஸ் இல்லாம தொடவேண்டாம், ஏத்தேக்க கரண்ட் போனா நல்ல போர்டும் பழுதாப் போயிடும்.