பாலைவன முகாமில் கிடைப்பது உண்மையான பெதூயின் விருந்தோம்பல்தானா?

அரபுப் பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் பயணிகளிடம் காசு வாங்கிக்கொண்டு முகாமில் செய்வதை விருந்தோம்பல் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் தங்கிய அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

அகபா துறைமுக நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சிவந்த மணல், செங்குத்தான பாறை மலைகள். 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். முகாம் நடத்துபவர்களில் பலர் பக்கத்து ரம் கிராமத்து ஸலாபியா என்ற பெதூயின் குலத்தார். நான் தங்கியதும் அப்படி ஒரு குடும்பத்தின் முகாம்தான்.

போனதும் பெரிய கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். ஆட்டு ரோமத்தில் நெய்த கறுப்புத் துணி. வெயிலில் இழைகளுக்கு நடுவே காற்று வரும்; மழையில் நனைந்தால் ரோமம் ஊதி இடைவெளி அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் காபி. லேசாக வறுத்த கொட்டை, தூக்கலாக ஏலக்காய், சர்க்கரை கிடையாது. வீட்டுப் பெரியவர் முதல் கோப்பையைத் தானே குடித்தார். பயமில்லாமல் குடிக்கலாம் என்று விருந்தாளிக்குக் காட்டும் பழைய வழக்கம் அது. பிறகு இடது கையில் தல்லா என்கிற கூஜாவும் வலது கையில் பிடியில்லாத சின்னக் கோப்பையுமாக எல்லாருக்கும் ஊற்றினார். கோப்பையின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். நிரப்பிக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருளாகிவிடும். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரியவர் குடித்த பிறகு ஊற்றும் கோப்பைகளில் முதலாவது விருந்தாளிக்கு, இரண்டாவது சுவைக்கு, மூன்றாவது வாளுக்கு என்பார்கள். மூன்றாவதைக் குடித்தவர், ஆபத்து வந்தால் வீட்டுக்காரரோடு சேர்ந்து நிற்பார் என்று கணக்கு.

வந்தவரை மூன்று நாள் வரை எதற்கு வந்தாய் என்று கேட்காமல் சோறு போடுவது அவர்கள் மரபு. தண்ணீர் இல்லாத ஊரில் இன்று நீங்கள் வாசலில் நிற்பீர்கள், நாளை நான் நிற்பேன். அதனால் வந்த வழக்கம் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை பணமெல்லாம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறப்போனபோது அந்தப் பெரியவர் விடவில்லை. மறுபடி உட்கார வைத்து, எங்களுக்கும் ஓட்டுநருக்கும் ஒரே மாதிரி காபி ஊற்றிய பிறகுதான் அனுப்பினார். அதற்கு ரசீதில் இடமில்லை.

இரவுச் சாப்பாடு ஸர்ப்: மணலில் புதைத்த பீப்பாய் அடுப்பில் கனல் போட்டு, அடுக்குத் தட்டில் இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் வைத்து, மூடி மேல் மணல் தள்ளி இரண்டு மூன்று மணி நேரம் வேக விடுவார்கள். கறி எலும்பிலிருந்து தானே கழன்று வரும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கண்ணாடிக் குமிழ் அறைகள் உள்ள பெரிய முகாம்கள் வசதியானவை, ஆனால் அங்கே வீட்டுக்காரரோடு உட்காரும் நேரம் குறைவு. குடும்பமே நடத்தும் சின்ன முகாமாகப் பாருங்கள்; மாலையில் காபி நேரத்தில் யார் கூட இருப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.