வாசகர் கேள்வி-பதில்: எழுபத்திரண்டு சென்ட் வேட்பாளர்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான் தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறார். கட்சி பிரைமரியில் ஒருவர் 72%, இன்னொருவர் 21% என்று இருக்கிறது. இப்போதே 72% ஓட்டு என்றால் அப்புறம் தேர்தல் எதற்கு?
– வாசகர், குடியாத்தம்

பதில்: அது ஓட்டு இல்லைங்க, விலை. பாலிமார்க்கெட், கல்ஷி மாதிரி ஆன்லைன் பந்தயச் சந்தைகளில் 'இவர் ஜெயிப்பார்' என்று ஒரு சீட்டு விற்பனைக்கு இருக்கும். ஜெயித்தால் சீட்டுக்கு 1 டாலர், அதாவது 100 சென்ட்; தோற்றால் பூஜ்யம். இன்றைக்கு அதை 72 சென்ட் கொடுத்து வாங்க ஒருத்தர் தயார், 'ஜெயிக்க மாட்டார்' என்று 28 சென்ட் கட்ட எதிரே இன்னொருத்தர் தயார் என்றால், அதைத்தான் 72% என்று போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடிக்கிறார்களே, அந்த விலை மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று இரண்டு பேர் இன்றைக்குப் போடுகிற கணக்குதான்; நிஜமாகக் கறப்பது வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபிறகுதான் தெரியும். 51% ஓட்டுதான் வாங்குவார், ஆனால் கட்டாயம் வாங்குவார் என்று எல்லோரும் நம்பினால் சீட்டு 95 சென்ட்டுக்கும் போகும். 72 என்பது சரியான விலையாகவே இருந்தாலும், இதே நிலையில் நிற்கிற நூறு பேரில் 28 பேர் தோற்பார்கள் என்று அர்த்தம். அந்த 28ஐ மச்சான் படம் பிடித்து அனுப்ப மாட்டார்.

கேள்வி: பிரைமரி என்றால் என்ன?
– வாசகி, ஆம்பூர்

பதில்: நம் ஊரில் விருப்ப மனு வாங்குவார்கள், நேர்காணல் நடக்கும், கடைசியில் தலைமை ஒரு பட்டியலை வெளியிடும். அங்கே அந்தப் பட்டியல் வேலையை வாக்காளர்களே ஓட்டுப் போட்டுச் செய்கிறார்கள், அதுதான் பிரைமரி. சில மாநிலங்களில் அந்தக் கட்சிக்காரராகப் பதிந்தவர் மட்டும் போடலாம், சிலவற்றில் யாரும் போடலாம். ஜனாதிபதி வேட்பாளருக்கானது ஒரே நாளில் முடியாது, மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: கருத்துக்கணிப்பைவிடப் பணம் கட்டுகிறவன் சொல்வது சரியாக இருக்கும் என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: பொதுத்தேர்தலில் ஓரளவு. பிரைமரியில் ஜாக்கிரதை. பொதுத்தேர்தலில் பாதி ஜனம் எந்தக் கட்சிக்குப் போடும் என்பது முன்பே தெரிந்த விஷயம். பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி, பத்துப் பேர் நிற்பார்கள், ஒரு மாநிலத்து முடிவு அடுத்த மாநிலத்தைக் கவிழ்க்கும், பாதியில் இரண்டு பேர் விலகி மூன்றாமவருக்குக் கை தூக்குவார்கள்.

2020ல் ஜனநாயகக் கட்சியில் என்ன நடந்தது? ஜோ பைடன் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. சந்தையில் அவர் சீட்டைச் சீந்த ஆள் இல்லை, பெர்னி சாண்டர்ஸ்தான் முன்னணி. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் பைடன் ஜெயித்தார், அடுத்த இரண்டு நாளில் புட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி அவர் பக்கம் வந்தார்கள், மார்ச் 3ல் 14 மாநிலங்களில் 10 அவருக்கு. ஒரு வாரத்துக்குள் விலைப்பலகையே தலைகீழ். 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பிரைமரியிலும் மாதக்கணக்காக ஆண்ட்ரூ குவோமோதான் சந்தையின் செல்லப்பிள்ளை, ஜெயித்தது ஸோரான் மம்தானி. தேர்தல் ராத்திரியே குவோமோ தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதற்காகச் சந்தை முட்டாள் என்று நான் சொல்லவில்லை. செய்தி வந்த நிமிஷமே விலை நகர்ந்துவிடும், கருத்துக்கணிப்புக்கு ஒரு வாரம் ஆகும். ஆனால் வராத செய்தி அதற்கும் தெரியாது, அவ்வளவுதான்.

கேள்வி: எல்லா வேட்பாளர்களின் சதவீதத்தையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. என் கணக்குத் தப்பா?
– வாசகர், ஆற்காடு

பதில்: உங்கள் கணக்கு சரி, கூட்டிப் பார்த்ததற்கே ஒரு மக்கன் பேடா தரலாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு, தனித்தனி வியாபாரம். ஜெயிக்கவே வழியில்லாதவர் 3 சென்ட்டில் கிடப்பார். அவர் தோற்பார் என்று 97 கட்டினால் 3 லாபம், அதற்காகப் பணம் மாதக்கணக்கில் முடங்கும், கமிஷன் வேறு. பிரெடிக்ட்இட் என்ற இன்னொரு சந்தை லாபத்தில் 10% பிடித்தது, பணத்தை வெளியே எடுக்க இன்னொரு 5%. அதனால் அந்தத் தப்பான விலையைச் சரிசெய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, இந்த உதிரி சென்ட்டுகள் சேர்ந்துதான் கூட்டல் நூறைத் தாண்டுகிறது. 2020 பிரைமரியில் போட்டியிலேயே இல்லாத ஹிலாரி கிளின்டன் பெயருக்கும் விலை போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை இலக்கச் சதவீதங்களை நான் படிப்பதே இல்லை.

கேள்வி: இங்கிருந்து ஒரு ஐநூறு ரூபாய் கட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது, தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கும் முன்பே இருக்கிறது.

பந்தய ஆசை எனக்கும் இருந்ததுதான். 2019ல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கு நானும் ஒரு நண்பரும் டீக்கடையில் பிரியாணிப் பந்தயம் கட்டினோம், ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. பணம் பிடிபட்ட விவகாரத்தில் 16ஆம் தேதி தேர்தலே ரத்து! பந்தயமும் ரத்தா, தள்ளிவைப்பா என்று ஒரு மாதம் சண்டை. இந்தச் சந்தைகளில் சீட்டின் கீழே பொடி எழுத்தில் விதி எழுதியிருப்பது இதற்குத்தான், முதலில் படிக்க வேண்டியதும் அதுதான். அப்புறம் ஆகஸ்ட் 5ல் தேர்தல் நடந்தது. 9ஆம் தேதி எண்ணிக்கை, முதல் சுற்றுகளில் ஏ.சி.சண்முகம் முன்னிலை, நண்பர் போன் செய்து "ஆம்பூருக்குக் கிளம்பு, ரெண்டு ஆஃப் பாயில் சேர்த்து" என்றார். அந்த நேரத்தில் சீட்டு விற்றிருந்தால் 80 சென்ட்டாவது சொல்லியிருப்பேன். வாணியம்பாடி ஓட்டு எண்ண எண்ண நிலைமை மாறி, கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். நண்பர் அன்றைக்கு அதற்குமேல் போனை எடுக்கவில்லை.