மாசி, பங்குனியில் நாட்டுக்கோழியை அடை வைக்கலாமா? முட்டை ஏன் கூழாகிறது?

கேள்வி கேட்டவர் போன பங்குனியில் 12 முட்டையைக் கோழிக்கு அடியில் அடை வைத்து 2 குஞ்சுதான் எடுத்தாராம். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் வசந்த காலத்தில்தான் பொரிக்க வைக்கிறார்கள், அதே மாதங்களில் நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு நத்தம் பக்கம். கொல்லையில் எப்போதும் ஏழெட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் நிற்கும். நானும் இதே பங்குனியில் இதே மாதிரி ஏமாந்தவன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோக்களை மறந்துவிடுங்கள். குளிர்நாடுகளில் குளிர்காலப் பகல் மிகவும் குறுகியது, வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையை நிறுத்திவிடும். வசந்தத்தில் பகல் நீளும்போது மறுபடி இடத் தொடங்கும், புல்லும் புழுவும் வரும், குளிரும் விட்டுப்போகும். அவர்களுக்கு அது சரியான காலம். நம் பக்கம் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. நம் கோழிக்குப் பருவத்தைத் தீர்மானிப்பது வெயிலும் மழையும்தான். அந்தக் கணக்கில் நமக்கு நல்ல காலம் தை, மாசி. பங்குனி எல்லைக்கோடு. சித்திரையில் நான் வைப்பதே இல்லை.

எங்கள் அப்பத்தா பங்குனி, சித்திரையில் அடை வைத்தால் கூடையில் ஓர் இரும்புத் துண்டு, இரண்டு அடுப்புக்கரி, நாலு காய்ந்த மிளகாய் போடாமல் விட மாட்டார். கோடை இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்பது அவர் கணக்கு. இரும்பு போட்ட வருடமும் முட்டை கூழாகத்தான் செய்தது. அப்போது இடி பலமாக இடித்துவிட்டது என்பார். யோசித்துப் பார்த்தால் அவர் கண்டது பொய்யில்லை. இடி இடிக்கிற அதே மாதங்களில்தான் முட்டை கெடுகிறது. கெடுப்பது அந்த மாதங்களின் வெக்கை, பழி மட்டும் இடிமேல்.

இது எனக்குப் புரிந்தது ஒரு பங்குனியில் 14 முட்டை வைத்து 3 குஞ்சு எடுத்தபோது. ஏழாம் நாள் ராத்திரி முட்டைகளை ஒவ்வொன்றாக மொபைல் டார்ச் மேல் வைத்துப் பார்த்தேன். நல்ல முட்டையில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். கருவே கூடாத முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும். என் முட்டைகளில் பாதிக்கு மேல் நரம்பும் இல்லை, வெறுமையும் இல்லை. ஒரு மெல்லிய ரத்த வளையம் மட்டும் தெரிந்தது. கரு வளரத் தொடங்கி, ஒரு சில நாளிலேயே செத்துப்போனதன் அடையாளம் அது. சேவல் மேல் குற்றமில்லை, அடைக்கோழி மேலும் இல்லை. நான் முட்டை சேர்த்த விதத்தில்தான் கோளாறு.

முட்டைக்குள் கரு முழுதாக வளரக் கோழியின் சூடு வேண்டும். இன்குபேட்டரில் 37.5 டிகிரி வைப்பார்கள். ஆனால் 20, 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்ல அசையத் தொடங்கிவிடும். அது முழுச் சூடும் இல்லாத, முழுத் தூக்கமும் இல்லாத அரைகுறை வளர்ச்சி. நாளுக்கு நாள் கரு நலிந்து போகும். பங்குனியில் என் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் 13 நாள் முட்டை சேர்த்திருந்தேன். கோழி உட்காரும் முன்பே பாதிக் கரு நலிந்து போயிருந்தது, உட்கார்ந்த சில நாளிலேயே செத்துவிட்டது. தை மாதம் இதே அலமாரியில் இதே 13 நாள் வைத்தபோது 10 குஞ்சு வந்ததே என்று குழம்பினேன். அது மார்கழி, தைக் குளிர் பார்த்துக்கொண்ட வேலை.

இப்போது நான் செய்வது இது. கோழி இட்ட அன்றே முட்டையை எடுத்து, பென்சிலால் தேதி போடுவேன். கூடு காலியானால் கோழி வேறிடம் தேடிப் போய்விடும், அதனால் அடையாளம் போட்ட ஒரு பழைய முட்டையைக் கூட்டிலேயே விட்டுவைப்பேன். எடுத்த முட்டைகளைக் கழுவுவதில்லை. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போக வழியாகும். வீட்டின் இருட்டு மூலையில் ஈர மணல் பரப்பி, அதில் பாதி புதைத்த மண்பானைக்குள் உமி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குவேன். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்தால் பானைக்குள் சில டிகிரி குறையும். ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பார்கள். அது தேவைக்கு மேல் குளிர், வெளியே எடுத்ததும் முட்டை வியர்க்கும். எனக்கு அதில் இஷ்டமில்லை. முக்கியமானது நாள் கணக்கு. தை, மாசியில் 10 நாள் முட்டை வரை வைக்கிறேன். பங்குனி என்றால் கடைசி 5 நாள் முட்டை மட்டும். ஒரு கோழி 5 நாளில் அதிகபட்சம் ஐந்துதான் இடும், அதனால் மற்றக் கோழிகள் அதே நாட்களில் இட்டதையும் சேர்த்து 9 வைப்பேன். மற்றதெல்லாம் ஆம்லெட்.

கடை முட்டையை வைத்துப் பார்க்கலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது, அந்த முட்டையில் கரு இருக்காது. கோழியை 21 நாள் பட்டினி போட்ட பாவம்தான் மிஞ்சும்.

அடை வைப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாயகன்ற மண்சட்டியில் அடியில் ஈர மணல், மேலே வைக்கோல். கொஞ்சம் வசம்புப் பொடி தூவினால் செள்ளுப் பூச்சித் தொல்லை குறையும். செள்ளு ஏறினால் எப்பேர்ப்பட்ட கோழியும் எழுந்து ஓடிவிடும். பொழுது சாய்ந்த பிறகு உட்கார வைத்தால் அடங்கி உட்காரும். தினம் ஒரு தடவை, கால் மணி நேரம்போலத் தீனிக்கும் தண்ணீருக்கும் இறங்க வேண்டும். சில கோழிகள் இறங்கவே மறுக்கும், அவற்றைத் தூக்கித்தான் வெளியே விட வேண்டும். வெயில் கொளுத்தினால் 18ஆம் நாளுக்கு மேல் சட்டியைச் சுற்றிலும் தண்ணீர் தெளியுங்கள். ஓடு விரிந்து மூக்கு தெரிந்த பிறகு குஞ்சு வெளியே வர அரை நாள், சமயத்தில் ஒரு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு உரித்துவிடாதீர்கள். உள்ளே ரத்தக்குழாய் இன்னும் வற்றியிருக்காது. நான் ஒரு தடவை உரித்து, கையிலேயே ஒன்று செத்தது.

பொரிந்த குஞ்சைக் காப்பாற்றுவது அடுத்த பாடு. காகம், பருந்து, கீரி, பூனைக்கெல்லாம் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை போதும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் பஞ்சாரம் பத்தாது. இங்கிலீஷில் இதை ராணிக்கேத் என்பார்கள், இமயமலைப் பக்கம் அந்தப் பெயரில் உள்ள ஊரில் 1920களில் கண்டறிந்ததால் வந்த பெயர். நான் ஒரு வருடம் தடுப்பு மருந்து போடாமல் அசட்டையாக இருந்தேன். சித்திரையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, நாலே நாளில் 13 கோழியில் 9 போனது. வந்த பிறகு மருந்து கிடையாது. 7ஆம் நாள் குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு, பிறகு 8 வாரத்தில் ஊசி. இவ்வளவுதான் வேலை. ஒரு சிக்கல் உண்டு. நான் வாங்கும் குப்பி 100 குஞ்சுக்கானது. கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதுவரை ஐஸிலேயே இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்பது குஞ்சு. அதனால் எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம், சொட்டு போடுகிற அன்று எல்லாக் குஞ்சும் கூடையோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். பெரிய கோழிகளுக்கு, கால்நடை மருந்தகத்தில் கோடைக்கு முன்பு முகாம் போடும்போதே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

சித்திரையில் கோழி தானாக அடை படுத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஊரில் அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துளையில் செருகுவார்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்குவார்கள். இரண்டும் வேண்டாம். அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் அடைத்துவையுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்று பட்டால் சூடு இறங்கி அடை தெளிந்துவிடும். என் கருப்பி மட்டும் ஆறு நாள் எடுத்துக்கொண்டாள். கூண்டைத் திறந்ததும் நேராக அந்தப் பழைய சட்டிக்குத்தான் போனாள், சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்ததால் அதன் மேலேறி நின்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.